பெட்டி ‘இருக்கேன்’ என்று சொல்லலாமா?

அந்தக் குடியிருப்பைப் போலப் பாதுகாப்பான குடியிருப்பு வேறெங்கும் கிடையாது. இதைச் சங்கத் தலைவரே பொதுக்கூட்டம் தவறாமல் சொல்லி வந்தார். தலைவரே சொன்ன பிறகு ஆதாரம் கேட்பது மரியாதையில்லை என்பதால் யாரும் கேட்டதில்லை.

பாதுகாப்புக்குக் காரணம், சங்கத்தின் வலைப் பாதுகாப்புக் குழு. கட்டடம் முழுவதற்கும் ஒரே இணைய இணைப்பு. ஆகவே எந்த வீட்டில் எந்தக் கருவி வாங்கினாலும் அதைக் கீழ்த்தளத்து அலுவலகத்துக்குத் தூக்கிக்கொண்டு போய்க் குழுவிடம் காட்ட வேண்டும். குழு அதன் வாயை அடைத்துத் திருப்பிக் கொடுக்கும். வாயை அடைப்பது என்றால், கருவியின் ஃபயர்வால் என்ற காவல் அமைப்புக்குள் போய், ‘பிங்குக்குப் பதில் அளி’ என்ற வரிக்கு எதிரே இருக்கும் டிக்கை எடுத்துவிடுவது. பிங் என்பது பெரிய சங்கதி ஒன்றுமில்லை. ஒரு கணினி இன்னொன்றைப் பார்த்து ‘இருக்கியா?’ என்று கேட்கும். இது ‘இருக்கேன்’ என்று சொல்லும். சண்டை போட்டுக்கொண்ட அண்ணன் தம்பிகூட இதைவிட நாலு வார்த்தை அதிகமாகப் பேசிக்கொள்வார்கள். ஆனால் குழுவின் கொள்கை ‘பதில் சொல்பவன் மாட்டிக்கொள்வான்’ என்பது. அலுவலகச் சுவரில் அதை நீலப் பெயின்டில் எழுதி வைத்திருந்தார்கள்.

குழுவின் தொழில்நுட்ப ஆலோசகர் தலைவருடைய மாப்பிள்ளை. நீச்சல் குளங்களுக்கு மருந்து விற்கிறவர். பெண் பார்க்க வந்த அன்று பேச்சுவாக்கில் ‘கம்ப்யூட்டரும் கொஞ்சம் தெரியும்’ என்று சொல்லித் தொலைத்திருந்தார். அது இத்தனை வருஷம் கழித்துக் கழுத்துக்கு வந்துவிட்டது. ஞாயிறு தோறும் சாயங்காலம் அவர் அலுவலகக் கணினி முன்னால் உட்கார்ந்து வீடு வீடாக ‘இருக்கியா?’ என்று கேட்பார். எந்த வீடும் பதில் சொல்லாது. அறிவிப்புப் பலகையில் ‘இந்த வாரமும் பூரண மௌனம்’ என்று எழுதிப் போடுவார். மாமனார் வந்து படித்துவிட்டு மாப்பிள்ளையின் முதுகில் தட்டுவார்.

இப்படிப்பட்ட இடத்தில்தான் கண்ணாடிக்காரர் குடியிருந்தார். கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்ததால் அந்தப் பெயர். நல்ல மனிதர். ஒரு வண்டிகூட வராத சாலையிலும் பச்சை விளக்குக்காக நிற்பார். நிற்பதோடு விடாமல், நிற்காமல் போகிறவர்களைப் பார்த்துத் தலையை ஆட்டுவார்.

அவருடைய மனைவி வானொலியில் செய்தி வாசித்தவள். நிலையத்தை மூடிவிட்டார்கள். அதற்குப் பிறகு மைக் இல்லாமல் அவள் தவித்ததைப் பார்க்கச் சகிக்காது. மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் சீட்டை எடுத்து, ‘பக்க விளைவுகள் வருமாறு’ என்று சமையலறையில் நின்று கணீரென்று வாசிப்பாள். கடைசியில் பார்வையற்றோருக்கான ஒலிநூலகம் ஒன்று அவளுக்கு ஒரு புத்தகம் கொடுத்தது. தேனீ வளர்ப்பைப் பற்றிய தடித்த கையேடு. அவள் அலமாரியில் இருந்த துணிகளை எல்லாம் கட்டிலில் கொட்டிவிட்டு, வெளிச்சத்தம் புகாமல் உள்பக்கம் கம்பளி அடித்து, ஸ்டூலைப் போட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு வாசித்தாள். வெளியே வரும்போது வியர்வையில் தெப்பமாக நனைந்திருந்தாள். அவ்வளவு சந்தோஷமாக அவளைப் பார்த்து நாளாயிற்று.

வாசித்ததெல்லாம் பதிவாகி வீட்டுச் சேமிப்புப் பெட்டியில் போய்ச் சேர்ந்தது. வரவேற்பறை மூலையில், செருப்பு அலமாரிக்கு மேலே, பச்சை விளக்கைச் சிமிட்டிக்கொண்டு இருக்கும் கறுப்புப் பெட்டி. நூலகத்தின் கணினி தினமும் வாசித்துக் கொடுப்பவர்களின் பெட்டிகளைக் கூப்பிடும். ‘இருக்கேன்’ என்று பதில் வந்தால் அத்தியாயங்களை எடுத்துக்கொள்ளும். பதில் வராவிட்டால் அடுத்த பெட்டிக்குப் போய்விடும். திங்கட்கிழமை நூலகத்திலிருந்து ஒரு பெண் போன் செய்தாள்.

“மேடம், உங்க பெட்டி பதிலே சொல்ல மாட்டேங்குதே. சனிக்கிழமைக்குள்ள சரியாகலைன்னா புத்தகத்தை வேற ஒருத்தருக்குக் கொடுக்கும்படி ஆயிடும். எங்க முறை அப்படி.”

மனைவி கணவரிடம் வந்தாள். “என்னங்க, நம்ம பெட்டி பிங்குக்குப் பதில் சொல்லணுமாம். ஃபயர்வால்ல ஒரு டிக் போட்டா போதும்னு சொல்றாங்க.”

கண்ணாடிக்காரர் கணினியைத் திறந்தார். அவள் பின்னால் நின்று பார்த்தாள். பெட்டியின் அமைப்புகள், அதற்குள் பாதுகாப்பு, அதற்குள் ஃபயர்வால், அதற்குள் விதிகள். வரி இருந்தது. எதிரே வெறும் கட்டம். அம்புக்குறி கட்டத்துக்கு மேல் போய் நின்றது. நின்றபடியே இருந்தது.

“என்ன ஆச்சு?”

“குழுகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போட்டுடலாம்.”

“நம்ம பெட்டிதானே?”

“பெட்டி நம்மளுதுதான். மௌனம் குழுவோடது.”

அவள் இன்னொரு கேள்வி கேட்டாள். “சனிக்கிழமைக்குள்ள முடிஞ்சிடுமா?” முடிஞ்சிடும் என்றார். அதற்கப்புறம் அவள் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. பொறுமைசாலி என்று அவர் மனதுக்குள் மெச்சிக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை மாப்பிள்ளையைப் போய்ப் பார்த்தார். விஷயத்தைக் கேட்டதும் மாப்பிள்ளை எழுந்து போய் அலுவலகக் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

“மெதுவாப் பேசுங்க. பதில் சொல்லணும்னு ஆசைப்படற பெட்டி ஒண்ணு இருக்குன்னு வெளியில தெரிஞ்சா மத்த வீட்டுக்காரங்க என்ன நினைப்பாங்க?”

“ஒரு டிக்தானே சார்?”

“டிக் போடறது சுலபம். போட்ட டிக்கோட வாழறதுதான் கஷ்டம். இன்னைக்கு ‘இருக்கேன்’னு சொல்லும். நாளைக்கு ‘சாப்பிட்டேன்’னு சொல்லும். எங்க போய் முடியும்?”

பெட்டி ‘இருக்கேன்’ என்பதைத் தவிர வேறெதுவும் சொல்லாதே என்று கண்ணாடிக்காரருக்குத் தோன்றியது. ஆனால் எதிரே இருப்பவர் ஆலோசகர். ஆலோசகர் அவரைச் செயலாளரிடம் அனுப்பினார்.

செயலாளர் பல் டாக்டர். மருத்துவமனையில் ஒரு நோயாளி வாயைப் பிளந்துகொண்டு படுத்திருக்க, கையில் கருவியோடு அவர் பேசினார். “வாயைத் திறங்கன்னு சொல்றது என் தொழில். யாரும் வாயைத் திறக்காம பாத்துக்கறது என் பொறுப்பு. ரெண்டையும் நான் போட்டுக் குழப்பிக்கறதே இல்ல.” நோயாளி ஏதோ சொல்ல முயன்றார். டாக்டர் அவர் வாயில் பஞ்சை வைத்தார். “பெட்டி பதில் சொல்லணும்னா முதல்ல பெட்டியோட சொந்தக்காரர் பதில் ஒழுக்கப் பயிற்சி எடுத்துக்கணும். சாயங்காலம் அலுவலகத்துக்கு வாங்க.”

பயிற்சி எளிமையானது. கண்ணாடிக்காரர் ஒரு நாற்காலியில் உட்கார வேண்டும். டாக்டர் மேசையைத் தட்டி “இருக்கீங்களா?” என்று கேட்பார்.

“இருக்கேங்க,” என்றார் கண்ணாடிக்காரர்.

“தோல்வி.”

“எதிரேதானே உட்கார்ந்திருக்கேன்?”

“அதனாலதான் தோல்வி. யாரு, என்ன, எதுக்குக் கேக்கறாங்கன்னு தெரியாம பட்டுன்னு வாயைத் திறந்துட்டீங்க. சொந்தக்காரரே இப்படின்னா பெட்டி எப்படி இருக்கும்? நாளைக்கு வாங்க.”

புதன்கிழமையும் தோற்றார். டாக்டர் தட்டிவிட்டு ஒன்றும் கேட்காமல் இருந்தார். இவர் “என்னங்க?” என்று கேட்டுவிட்டார். வியாழன் காலையில் தேறினார். டாக்டர் தட்டினார், கேட்டார், அவர் காது அருகில் வந்து கத்தினார், ‘உங்க கடை தீப்பிடிச்சு எரியுது’ என்றுகூடச் சொன்னார். கண்ணாடிக்காரர் ஆடாமல் அசையாமல் சுவரில் இருந்த வாசகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். டாக்டர் கைகொடுத்து, சனிக்கிழமை சாயங்காலம் குழுவின் முன்னால் விசாரணை என்றார். அன்று கடையில் ஒரு முதியவர் கதவைத் தள்ளிக்கொண்டு வந்து, “யாராவது இருக்கீங்களா?” என்று கண்ணைச் சுருக்கிக்கொண்டு கேட்டார். கண்ணாடிக்காரர் கல்லாவுக்குப் பின்னால் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார். முதியவர் தடவித் தடவி வெளியே போனார். போன பிறகுதான் இவருக்குத் தான் செய்தது உறைத்தது. கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை. பழக்கம் வந்துவிட்டதே என்று ஓரமாக ஒரு பெருமைகூட எட்டிப் பார்த்தது.

அந்தப் பெருமை சாயங்காலம் வரைதான் நின்றது. வீடு திரும்பும்போது லிஃப்ட் வேலை செய்யவில்லை. படியேறி இரண்டாவது மாடிக்கு வந்தபோது, சாத்தியிருந்த லிஃப்ட் கதவுக்குப் பின்னாலிருந்து மேல்மாடி வயலின் டீச்சரின் குரல் கேட்டது. “யாராவது இருக்கீங்களா? லிஃப்ட் நடுவுல நின்னுடுச்சு. மூச்சு முட்டுது. யாராவது இருக்கீங்களா?” உள்ளே இருந்த அவசர மணியை அவர் அழுத்துவதும் கேட்டது. மணி வாசலில் காவலாளியின் மேசையில்தான் அடிக்கும். அடித்தது. காவலாளி எடுக்கவில்லை. போன மாதம்தான் அவரையும் குழு பயிற்சிக்கு அனுப்பித் தேற வைத்திருந்தது.

கண்ணாடிக்காரர் கதவுக்கு ஒரு கை தூரத்தில் நின்றார். ‘இருக்கேன் டீச்சர், பயப்படாதீங்க’ என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகப்போகிறது? ஆனால் சனிக்கிழமை விசாரணை. காலையில்தான் தேறியிருக்கிறார். மாடிப்படி வளைவில் செயலாளரின் வீடு. குரல் போனால் கேட்கும். மனைவியின் வேலை இதில்தானே தொங்குகிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். எல்லாம் அவளுக்காகத்தான் என்றும் சொல்லிக்கொண்டார். பிறகு செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, காலடிச் சத்தம் கேட்காமல் மேலே ஏறினார்.

நெடுநேரம் கழித்து லிஃப்ட் தானாகவே மனமிரங்கிக் கீழே இறங்கியது. டீச்சர் வெளுத்த முகத்தோடு வெளியே வந்தார். மறுநாளே தலைவர் எல்லோரையும் வாசலுக்குக் கூப்பிட்டுக் காவலாளியைப் பாராட்டினார். தலைவர் இரும்புப் பெட்டக நிறுவனம் ஒன்றில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர்.

“நேத்து நம்ம மணி எத்தனையோ தடவை அடிச்சிருக்கு. கூப்பிட்டது யாரு? நமக்கு நல்லாத் தெரிஞ்ச டீச்சர். ஆபத்துலதான் கூப்பிட்டாங்க. உண்மையாவே கூப்பிட்டாங்க. இவ்வளவு இருந்தும் நம்ம காவலாளி எடுக்கலையே. தெரியாதவங்களுக்குப் பதில் சொல்லாம இருக்கறது யாரால வேணும்னாலும் முடியும். தெரிஞ்சவங்களுக்கே சொல்லாம இருக்கறதுதான் பாதுகாப்பு.”

எல்லோரும் கைதட்டினார்கள். டீச்சரும் தட்டினார், கொஞ்சம் மெதுவாக. கண்ணாடிக்காரர் தட்டும்போது டீச்சர் அவரைத் திரும்பிப் பார்த்தார். தற்செயலாகத்தான் பார்த்திருப்பார். செருப்பைக் கழற்றிக்கொண்டு நடந்தவனைக் கதவுக்கு உள்ளே இருப்பவருக்கு எப்படித் தெரியும்? ஆனாலும் கண்ணாடிக்காரருக்குக் காது மடல் சுட்டது. அன்றைக்கு அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மனைவி என்ன என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றார். அவள் அலமாரிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கம்பளிக்குப் பின்னாலிருந்து வேலைக்காரத் தேனீக்களின் உணவுப் பழக்கம் மெல்லக் கேட்டது. கைவிட்டுப் போகப்போகிற புத்தகத்தை இவள் இன்னும் நம்பிக்கையோடு வாசித்துக்கொண்டிருக்கிறாளே என்று நினைத்துக்கொண்டார். எப்பாடு பட்டாவது அனுமதி வாங்கிவிடுவது என்று அப்போதே முடிவு கட்டினார்.

சனிக்கிழமை சாயங்காலம் அலுவலகம் நிரம்பி வழிந்தது. நீள மேசைக்குப் பின்னால் தலைவர் நடுவில், செயலாளர் ஒரு பக்கம், மாப்பிள்ளை கணினியோடு இன்னொரு பக்கம். கண்ணாடிக்காரரை எதிரே ஒரு நாற்காலியில் உட்கார வைத்தார்கள். மனைவியையும் அழைத்திருந்தார். “நீங்க போயிட்டு வாங்க, எனக்கு வேலை இருக்கு,” என்று சொல்லிவிட்டாள்.

தலைவர் தொண்டையைக் கனைத்தார். “காலம் பூரா இரும்புப் பெட்டகம் வித்தவன் நான். ஒரு பெட்டகமாவது என்னைப் பாத்து ‘இருக்கேன்’னு சொல்லியிருக்கா? கிடையாது. ஒரு தடவை ஒரு பெட்டகத்துக்குள்ள எங்க கணக்கரே மாட்டிக்கிட்டாரு. வெளியில ஒரு சத்தம் வரல. அந்தத் தரத்தை வச்சுத்தான் விளம்பரமே பண்ணினோம்.” கணக்கர் என்ன ஆனார் என்று யாரும் கேட்கவில்லை. “இவரு கேக்கறது நியாயமாவே இருக்கலாம். நாங்க நியாயத்துக்கு எதிரி இல்ல. ஆனா முதல்ல இவரோட பெட்டி இப்ப என்ன நிலைமையில இருக்குன்னு எல்லாரும் பாத்துடலாம். மாப்பிள்ளை, கேளுங்க.”

மாப்பிள்ளை விசைகளைத் தட்டினார். சுவரில் பெரிய திரை. ‘பதில் இல்லை’ என்று வந்தது. மறுபடி தட்டினார். பதில் இல்லை. மறுபடியும் இல்லை. கூட்டத்தில் ஒரு பெருமூச்சு எழுந்தது.

“பாத்தீங்களா? எவ்வளவு அழகான மௌனம்.” தலைவருக்குக் குரல் தழுதழுத்தது. “இதையா உடைக்கணும்னு சொல்றீங்க?”

கண்ணாடிக்காரருக்கு வியர்த்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைக்கிற துணி கைதவறி மேசைக்கு அடியில் விழுந்தது. எடுக்கக் குனிந்தார்.

மேசைக்கு அடியில் மாப்பிள்ளையின் கால்கள் இருந்தன. கால்களுக்குப் பக்கத்தில் கணினியிலிருந்து இறங்கி வந்த இணையக் கேபிள், கடையில் சுற்றிக் கொடுத்த வளையம் அவிழாமலே தரையில் கிடந்தது. சுவரில் அது போய்ச் சேர வேண்டிய துளை ஒட்டடை படிந்து காலியாக இருந்தது. கேபிளின் நுனியில், புதிதாக வாங்கும்போது மாட்டியிருக்கும் பிளாஸ்டிக் உறைகூடக் கழற்றப்படவில்லை.

கண்ணாடிக்காரர் அப்படியே குனிந்திருந்தார். இந்தக் கணினி எந்த வீட்டையும் ஒருநாளும் கேட்டதே இல்லை. வாரா வாரம் வெறும் சுவரைப் பார்த்து ‘இருக்கியா?’ என்று கேட்டுவிட்டு, பதில் வரவில்லை என்று பலகையில் எழுதியிருக்கிறார்கள். மாப்பிள்ளையின் வலது கால் மெல்ல நகர்ந்து கேபிளைத் தன் நாற்காலிக்கு அடியில் தள்ளி மறைத்தது. கண்ணாடிக்காரர் நிமிர்ந்தார். மாப்பிள்ளை அவரைப் பார்த்தார். அந்தக் கண்ணில் கெஞ்சல் தவிர வேறொன்றும் இல்லை.

“ஏதாவது சொல்லணுமா?” என்றார் தலைவர்.

ஒரு வாக்கியம் போதும். ‘கேபிள் மாட்டலீங்க.’ இரண்டே சொல். எல்லாம் முடிந்துவிடும். அனுமதியும் வேண்டாம், குழுவும் வேண்டாம். மூன்றாவது வரிசையில் வயலின் டீச்சர் உட்கார்ந்திருந்தார். அவருக்காகவாவது சொல்லலாம். கண்ணாடிக்காரர் வாயைத் திறந்தார். இத்தனை பேருக்கு முன்னால் தலைவரைத் தலைகுனிய வைப்பதா? மாப்பிள்ளை பிள்ளைகுட்டிக்காரர். தப்பாகப் பார்த்திருந்தால்? கண்ணாடியைக் கழற்றியிருந்தோமே? ஊருக்கெல்லாம் பார்வை அளந்து கொடுக்கிறவர், தன் கண்ணையே நம்ப மாட்டேன் என்று அந்த நிமிஷம் தீர்மானித்தார்.

“ஒண்ணுமில்லீங்க,” என்றார்.

குழு உள்ளே போய்க் கூடிப் பேசிவிட்டு வந்தது. பெட்டியின் மௌனம் இவ்வளவு உயர்ந்த தரத்தில் இருப்பதால் அதைக் கெடுக்கக் குழுவுக்கு மனம் வரவில்லை என்றும், விண்ணப்பம் மரியாதையோடு நிராகரிக்கப்படுகிறது என்றும், இந்த ஆண்டின் சிறந்த மௌன இல்லம் என்ற கேடயம் கண்ணாடிக்காரர் வீட்டுக்கே வழங்கப்படுகிறது என்றும் செயலாளர் அறிவித்தார். கேடயத்தில் உதட்டின் மேல் விரல் வைத்த ஒரு முகம் இருந்தது. இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். கண்ணாடிக்காரர் குழுவுக்கு நன்றி சொன்னார். தொழில்நுட்ப ஆலோசகரின் உழைப்பைத் தனியாகக் குறிப்பிட்டுச் சொன்னார். அதை ஏன் சொன்னார் என்று அவருக்கே புரியவில்லை. மாப்பிள்ளைதான் எல்லோரையும்விடப் பலமாகக் கைதட்டினார்.

படியேறும்போது கேடயத்தைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டார். கூர்முனை வயிற்றில் குத்தியது. குத்தட்டும் என்று விட்டார். வெட்கம் பிடுங்கித் தின்றது. மனைவியின் ஒரே புத்தகத்தைத் தொலைத்துவிட்டு, பதிலுக்கு ஒரு கேடயத்தைத் தூக்கிக்கொண்டு போகிற புருஷன். மூன்றாவது மாடி வருவதற்குள் வாழ்க்கையில் முதல்முறையாக அவருக்குக் கோபம் வந்தது. என்ன பெரிய குழு? நம் வீட்டுப் பெட்டி. நம் கட்டம். நூலகம் சொன்ன கெடு இன்றைக்குள் என்றுதானே? இன்றைய நாள் இன்னும் முடியவில்லை. டிக்கை நானே போடுகிறேன், என்ன செய்துவிடுவார்கள், பார்த்துவிடலாம்.

வீட்டுக்குள் அலமாரிக் கதவு சாத்தியிருந்தது. ராணித் தேனீயைப் பற்றி உள்ளே குரல் போய்க்கொண்டிருந்தது. கேடயத்தைச் சோபா மெத்தைக்கு அடியில் சொருகிவிட்டு, செருப்பைக்கூடக் கழற்றாமல் கணினி முன் உட்கார்ந்தார். அமைப்புகள். பாதுகாப்பு. ஃபயர்வால். விதிகள்.

‘பிங்குக்குப் பதில் அளி’ என்ற வரிக்கு எதிரே டிக் இருந்தது.

கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தார். இருந்தது. கடைசியாக மாற்றிய நாள் திங்கட்கிழமை என்று பக்கத்தில் போட்டிருந்தது. அவர் ‘குழுகிட்ட ஒரு வார்த்தை கேட்டுடலாம்’ என்று சொன்ன அதே திங்கள். அவர் நாற்காலியில் உட்கார்ந்து வாயை மூடப் பழகிய நாளெல்லாம், லிஃப்ட் கதவுக்கு வெளியே செருப்பைக் கழற்றிய அன்று, இன்றைக்குக் கேடயம் வாங்கியபோதுகூட, இந்தப் பெட்டி கூப்பிட்டவர்களுக்கெல்லாம் ‘இருக்கேன்’ என்று சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது.

குரல் நின்றிருந்தது. அலமாரிக் கதவைத் திறந்துகொண்டு மனைவி வந்து நின்றாள். முகமெல்லாம் வியர்வை.

“அதுல கை வைக்காதீங்க,” என்றாள். “இப்பத்தான் ஒரு அத்தியாயத்தை எடுத்துக்கிட்டு இருக்காங்க.”

“ஏன் என்கிட்ட சொல்லல?”

“சொல்லியிருந்தா டிக்கை எடுத்திருப்பீங்க.”

கோபமாகச் சொல்லவில்லை. செய்தி வாசிக்கிற மாதிரி, நடந்ததை நடந்தபடி சொன்னாள்.

“இல்ல,” என்றார் அவர். “சத்தியமா இல்ல. நான் டிக் போடணும்னுதான் வந்து உட்கார்ந்தேன். நீ வேணும்னா...”

அவள் அவரைப் பார்க்கவில்லை. திரையைப் பார்த்தாள். அவரும் திரும்பிப் பார்த்தார். கட்டம் காலியாக இருந்தது. எப்போது அமுக்கினார் என்று அவருக்கே தெரியாது. விரல் இன்னும் மவுஸின் மேல்தான் இருந்தது. ‘மாற்றத்தைச் சேமிக்கவா?’ என்று பெட்டி மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தது.

மனைவி அவர் தோளுக்கு மேலாகக் குனிந்து, அவருடைய கையை எடுத்து மேசை மேல் வைத்துவிட்டு, ‘வேண்டாம்’ என்பதை அமுக்கினாள். டிக் திரும்பி வந்தது. பிறகு அங்கேயே நின்றபடி பெட்டியின் கடவுச்சொல்லை மாற்ற ஆரம்பித்தாள்.

அவள் புதிய சொல்லைத் தட்டும்போது, அடுத்தவர் கடவுச்சொல்லைப் பார்ப்பது முறையில்லை என்பதால், கண்ணாடிக்காரர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.